சபை வேறு, சர்ச் வேறு

ஞாயிறு ஆராதனை முடிந்து எழுந்தால் கோரைப்பாயின் கோடுகள் கெண்டைக்கால் முழுக்கப் பதிந்து எரியும். சேவூர்ப் பக்கம் எங்கள் காலனியில் ஒரு தகரக் கொட்டகையில்தான் அப்போது கூடினோம். பாஸ்டர் கழுத்து வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டே, சபைக்கு வேதத்தில் இருப்பது 'எக்லேசியா' என்ற கிரேக்கச் சொல், அதற்குக் கட்டடம் என்று பொருளே கிடையாது, அழைப்பைக் கேட்டு வெளியே வந்து கூடிய ஜனங்கள் என்றுதான் பொருள் என்பார். "நாமதான் சபை. கூரை பறந்தாலும் சபை பறக்காது." அப்பாவின் அக்கா, என் மரியாள் அத்தை, அதற்கு எல்லோரையும்விடச் சத்தமாக 'ஆமென்' சொல்வாள்.

பிறகு மெயின் ரோட்டில் புதுக் கட்டடம் எழுந்தது. அதற்குச் செங்கல் சுமந்தவர்களில் அத்தையும் ஒருத்தி. டவுனிலிருந்து வசதியான குடும்பங்கள் வந்து சேர, கமிட்டி அவர்கள் கைக்குப் போனது. என் பத்தாவது வயதில் அத்தை இறந்தாள். சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் கேட் பூட்டியிருந்தது.

"நாளைக்கு உள்ள கல்யாணம். ஜோடிச்சிகினு இருக்காங்க. நேரா கல்லறைக்கு எடுத்துகினு போயிடுங்க" என்றார் கமிட்டிச் செயலாளர். முந்தின மாதம் அவருடைய மாமனார் இறந்தபோது, அங்கே நடக்கவிருந்த ஒரு நிச்சயதார்த்தத்தையே தள்ளிவைத்துப் பெட்டியை உள்ளே கொண்டுபோனவர்.

கேட்டுக்கு உள்ளே நின்றிருந்த பாஸ்டரிடம் அம்மா கேட்டாள்: "எங்க நாத்தனாரு சபை இல்லீங்களா?"

"சபைதாம்மா. ஆனா சபை வேற, சர்ச் வேற. கொஞ்சம் அனுசரிச்சிகினு போங்க."

அந்தக் குரலின் மென்மையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்கள் நறநறக்கின்றன. அதட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

அம்மா பெட்டியை ரோட்டிலேயே இறக்கச் சொன்னாள். அவளே ஜெபித்தாள், அவளே பாட்டெடுத்தாள். டவுன் பஸ்ஸும் டூவீலர்களும் நின்றன. உள்ளே தோரணம் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிலர் பக்கக் கதவு வழியாக வெளியே வந்து எங்களோடு நின்று பாடினார்கள். பாஸ்டர் வரவில்லை. அவர் சொல்லிக்கொடுத்த பொருள்படி சபை அன்று ரோட்டில் இருந்தது. அவர் அதில் இல்லை.

இன்று அந்தக் கட்டடத்தில் ஏசி ஓடுகிறது. கொட்டகை இருந்த இடத்தில் பவர்லூம் ஓடுகிறது. எங்களோடு பாயில் உட்கார்ந்தவர்களில் பலர் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் வாயில் 'சபை' என்ற சொல்லே இல்லை, எல்லாம் 'சர்ச்'தான். பஸ் நிறுத்தத்துக்கும் அதுவே பெயர். அம்மா அங்கே இறங்குவதில்லை. இந்த வயதிலும் அடுத்த நிறுத்தம்வரை போய் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வருகிறாள்.