டோக்கன் பாட்டு

காட்டுப்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு முட்டைக் கடை இருக்கிறது. போன வாரம் மழை விட்டதும் அங்கே போய் நின்றேன். கடைக்காரர் நனைந்துபோன முட்டை அட்டைகளை வாசலில் உலர வைத்திருந்தார். ஈரமான அட்டை, அதில் எப்போதோ உடைந்து ஒட்டிக் காய்ந்த முட்டை, இரண்டும் கலந்த வாடை. நீங்களாக இருந்தால் மூக்கைப் பொத்தியிருப்பீர்கள். எனக்கோ அடிவயிறு தானாக இறுகியது, தொண்டை திறந்துகொண்டது, மூச்சு உள்ளே போய்த் தயாராக நின்றது.

“இன்னா சார், மயக்கம் கியக்கம் வருதா?” என்றார் கடைக்காரர்.

இல்லை என்று சொல்லி ஒரு டஜன் வாங்கிக்கொண்டு நகர்ந்தேன். மூன்று வருஷம் அந்த வாடைக்குள் நின்று பாடியவன் நான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

பாடியவன் என்றதும் சுருதிப்பெட்டியை நினைத்துவிடாதீர்கள். நான் பாடியது எக்ஸ்ட்ரீம் மெட்டல். கிடார் மரம் அறுக்கும் ரம்பம்போல இழுக்கும், டிரம்ஸ் மூச்சு விடாமல் இடிக்கும், நடுவே ஒருவன் குகைக்குள் மாட்டிக்கொண்ட கரடிபோல உறுமுவான். அந்தக் கரடி நான். தோள்வரை முடி, கறுப்பு டி-ஷர்ட், மணிக்கட்டில் ஆணி பதித்த தோல்பட்டை. ஆவடி வெயிலில் டி-ஷர்ட் முழுக்க உப்புக்கோடு பூத்துவிடும். தோல்பட்டையைப் பார்த்து அம்மா சொன்னது ஒன்றுதான்: “பஸ்ல நிக்கிறப்ப யாரையும் குத்திராதப்பா.”

நாங்கள் விருதுநகர்ப் பக்கத்துக்காரர்கள். அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. செய்து முடித்த கனரக வண்டிகளை அங்கே ஓட்டிப் பார்ப்பார்கள். அந்த உறுமல் எங்கள் ஜன்னல் கண்ணாடியை அதிர வைக்கும். எனக்கு அதுதான் தம்பூரா. சத்தம் கிளம்பியதும் குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சாதகம் செய்வேன். ஒருநாள் வண்டி சட்டென்று நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. கதவுக்கு வெளியே அம்மாவின் குரல் கேட்டது: “ரொம்ப வாந்தி எடுக்குதாப்பா? இஞ்சி தட்டித் தரவா?” அதற்கும் பின்னாலிருந்து, பேப்பரைத் தாழ்த்தாமலே அப்பா: “வயித்துல பூச்சி இருக்கும். மாத்திரை வாங்கிக் குடு.”

வித்தையை நான் கற்றது பிரவுசிங் சென்டரில், வெளிநாட்டு ஆசாமி ஒருவர் போட்டிருந்த வீடியோக்களில். குரல்நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கிறது. பேசும்போது அது சும்மா கிடக்கும். அதை அதிர வைத்தால்தான் உறுமல் வரும். தள்ள வேண்டியது அடிவயிறு, தொண்டை வெறும் வழி. இவ்வளவுதான் பாடம். ஆனால் அவர் அந்த முக்கியமான இடத்தைச் சொல்லும்போதெல்லாம் வீடியோ நின்று சுற்ற ஆரம்பிக்கும். அதனால் பாதிப் பாடத்தோடு தொண்டையைக் கிழித்துக்கொண்டேன். உமிழ்ந்தால் சில நாள் ரத்தக் கோடு தெரியும். அதைக் கலைக்காக நான் செய்யும் தியாகம் என்று எடுத்துக்கொண்டேன். டாக்டர் யாராவது பார்த்திருந்தால் வேறு பெயர் சொல்லியிருப்பார்.

எங்கள் குழு மூன்றே பேர். டிரம்ஸ், குவார்ட்டர்ஸில் எங்கள் எதிர் பிளாக் ரமேஷ். கிடார், சேக்காட்டு டில்லி. டில்லியின் அப்பா சின்ன வயதில் அந்தப் பக்கத்து வயல்களில் கூலி வேலை செய்தவர். வயல்களெல்லாம் மனைகளான பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் காவலாளி. அவர்கள் வீட்டுப் பின்புறம் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறை காலியாகக் கிடந்தது. பரோட்டாக் கடைகளில் கெஞ்சி வாங்கிய முட்டை அட்டைகளை நான்கு சுவரிலும் ஒட்டினோம். சத்தம் வெளியே போகாது என்று எங்கோ படித்திருந்தோம். சத்தம் தாராளமாகப் போனது. எறும்பும் பல்லியும் உள்ளே வந்தன.

குழுவுக்குப் பெயர் வைத்தது நான். கருங்குழி. வெளிச்சத்தையே விழுங்கும் பாழ்வெளி என்பது என் எண்ணம். “மதுராந்தகம் பக்கம் கருங்குழியா? அங்க எங்க சித்தி ஊடு கீது,” என்றார் டில்லியின் அப்பா. அந்தக் கேள்வி கடைசிவரை எங்களை விடவில்லை.

பாட்டெழுதியதும் நானே. ‘ஊழியின் கருவறையில் உறைந்த பிணங்களின் ஓலம்’ என்று ஒன்று தொடங்கும். எதன்மேல் அவ்வளவு கோபம் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். மூன்று வேளை சோறு, அப்பாவின் போனஸில் வாங்கிய மைக். பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் போனில் பதில் சொல்லும் வேலை. “சாரி சார், உங்கள் சிரமம் புரிகிறது சார்” என்று நாள் முழுக்கக் குழைவேன். மிக மென்மையான குரல் என்று அங்கே எனக்குச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். சாயங்காலம் சேக்காட்டுக்குப் போய்ப் பிரபஞ்சத்தை அழிப்பேன்.

டில்லிக்கு இரண்டு வயது மூத்த அக்கா அமுதா. எஸ்டேட்டிலேயே ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் தையல் மிஷின் வேலை. ஷிப்டு முடிந்து வந்து பின்கட்டில் துணி துவைப்பார். சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் ஊழியை வரவழைத்துக்கொண்டிருப்போம். அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சகித்துக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

ஒருநாள் கையில் சோப்பு நுரையோடு கதவருகே வந்து நின்றார்.

“டேய், நீ இன்னாத்துக்குத் தொண்டைய போட்டுக் கீசிக்கினே கீற? வவுத்துலேர்ந்து தள்ளு. ரெண்டாவது பாட்டுல, ‘நரகின் நாவுகள்’னு ஒண்ணு வருது பாரு, அங்க மூச்சு உட்டுடற. அதுக்கு முன்னாடியே இழுத்து வச்சிக்கணும்.”

எங்களுக்கு இரண்டு அதிர்ச்சி. ஒன்று, அவர் சொன்னது அந்த வெளிநாட்டு ஆசாமி சொல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த அதே பாடம். இன்னொன்று, அவருக்கு என் வரிகள் தெரிந்திருந்தன. எனக்கே மேடையில் பாதி மறந்துபோகும். கேட்கிற ஒருவருக்கும் ஓர் எழுத்துகூடப் புரியாது. உலகத்தில் என் பாட்டைச் சொல் சொல்லாகப் புரிந்துகொண்ட ஒரே ரசிகர், சுவருக்கு அந்தப் பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“உனக்கு எப்படிக்கா தெரியும்?” என்றேன்.

“மூணு வர்சமா கேட்டுகினு கீறேன். கம்பெனில அறுவது மிஷின் ஓடும்டா. என்னா கத்தனாலும் பக்கத்து சீட்டுக்கே கேக்காது. அங்கயே போட்டுப் பாத்துப்பேன்.”

டில்லி சிரித்துக்கொண்டே மைக்கை நீட்டினான். அமுதா கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். என் பாட்டை அவர் பாடவில்லை.

அவர்கள் கம்பெனியில் கழிவறைக்குப் போக டோக்கன் வேண்டுமாம். அறுபது பேருக்கு ஒரே டோக்கன். கழுத்தில் மாட்டிக்கொண்டு போனவள் திரும்பி வந்தால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். அதைத்தான் பாடினார்.

‘டோக்கன் எங்க? அவ கயுத்துல. அவ எங்க? இன்னும் வர்ல. அடக்கு. அடக்கு. அடக்கு.’

அந்த மூன்றாவது ‘அடக்கு’ தரையிலிருந்து வந்தது. மெலிந்த உருவம், கழுத்தில் நரம்புகூடப் புடைக்கவில்லை, முகத்தில் ஒரு சுளிப்பில்லை. சத்தம் மட்டும் எங்கள் தொழிற்சாலை வண்டிபோல அறையை நிறைத்தது. ஒரு முட்டை அட்டை கழன்று விழுந்தது. ரமேஷ் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டான். டில்லி மட்டும் சமயோசிதமாகப் போனில் பதிவு செய்திருந்தான்.

“நல்லாருக்குக்கா,” என்றேன். என் வாயிலிருந்து வந்தது போனில் பேசும் அந்தச் சான்றிதழ்க் குரல்.

அடுத்த மாதம் பூந்தமல்லி தாண்டி ஒரு பொறியியல் கல்லூரிக் கலைவிழாவில் எங்களுக்குப் பதினைந்து நிமிஷம் கிடைத்தது. அமுதா அக்கா டோக்கன் பாட்டைப் பாடட்டும் என்றான் டில்லி. நான் மறுத்தேன். ஜனங்கள் ஏற்க மாட்டார்கள் என்றேன். எங்கள் இசைக்கென்று ஒரு தத்துவம் இருக்கிறது, அதில் கழிவறை வராது என்றேன். பிணம் வரலாம், புழு வரலாம், நரகம் வரலாம். ஏற்றுமதிக் கம்பெனிக் கழிவறை வரக்கூடாது. கடவுளையும் சாத்தானையும் ஒரே மூச்சில் எதிர்த்தவன், சேக்காட்டு அமுதாவைப் பார்த்துப் பயந்துபோனேன் என்பதுதான் விஷயம். டில்லிக்கு அது புரிந்தது. ஆனாலும் மைக் என்னுடையது.

விழாவன்று தொகுப்பாளினிப் பெண், “அடுத்ததாக, மதுராந்தகம் அருகே கருங்குழியிலிருந்து வந்திருக்கும் நாட்டுப்புறக் கலைஞர்கள்” என்று அழைத்தாள். கைதட்டினார்கள். முதல் பாட்டின் முதல் உறுமலில் முன்வரிசைப் பேராசிரியர் ஒருவர் காதில் விரலை வைத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் இன்னும் அழுத்தினேன்.

இரண்டாவது பாட்டில், சரியாக ‘நரகின் நாவுகள்’ வரும் இடத்தில், குரல் போய்விட்டது. குறைந்ததோ உடைந்ததோ இல்லை, போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்று வந்தது. டில்லியும் ரமேஷும் அதே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துச் சமாளித்தார்கள். மேடையின் பக்கப் படியில் அமுதா நின்றிருந்தார். ஷிப்டிலிருந்து பாதியில் அனுமதி கேட்டு வந்திருந்தார். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. டில்லி என்னைப் பார்த்துத் தலையை அந்தப் பக்கம் ஆட்டினான். அமுதா இரண்டு படி ஏறி வந்து கையை நீட்டினார்.

நான் மைக்கைக் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக என்ன செய்தேன் தெரியுமா? மைக்கைத் தட்டினேன். ஊதினேன். சவுண்டு சர்வீஸ்காரரைப் பார்த்து, மைக் வேலை செய்யவில்லை என்று கையை விரித்துச் சைகை காட்டினேன்.

அவர் தன் மைக்கை எடுத்து, கல்லூரி முழுக்கக் கேட்கும்படி நிதானமாகச் சொன்னார்: “மைக்கு நல்லாதாம்பா கீது. ஒனக்குதான் பேட்டரி பூட்ச்சு.”

அன்றைய விழாவிலேயே அதிகக் கைதட்டல் வாங்கியது அவர்தான். நாங்கள் இறங்கினோம். அமுதா நீட்டிய கையை அதற்கு முன்பே மடக்கிக்கொண்டுவிட்டார்.

திரும்பும்போது ஆவடி பஸ்ஸில் நால்வரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். சேக்காடு வரும் முன் அமுதா எழுந்து என் சீட்டருகே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“அரை நாள் சம்பளம் புடிப்பாங்கடா. அது பரவால்ல. மைக்க குட்த்திருந்தா நீயும் தப்பிச்சிருப்ப,” என்றார். திட்டவில்லை. மூச்சு எங்கே விட வேண்டும் என்று சொன்ன அதே தொனி. எனக்குப் பதில் சொல்லக் குரல் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

அதன்பிறகு அந்த அறைக்கு நான் போகவில்லை. டில்லியும் கூப்பிடவில்லை. ரமேஷ் கல்யாணக் கச்சேரிக் குழுவில் சேர்ந்தான். நான் முடியை வெட்டிக்கொண்டு பதவி உயர்வு வாங்கினேன். தலைமுடிக்கும் பதவிக்கும் அங்கே அப்படி ஒரு சம்பந்தம் இருந்தது.

முட்டை வாங்கி வந்த மறுநாள், என்ன தோன்றியதோ, டில்லியின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். இப்போது கம்பெனி பஸ் ஓட்டுகிறான். கோபம் எதுவும் காட்டவில்லை; காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தப் பின்னறை இருந்த இடத்தில் நாலு மாடி அடுக்ககம் வந்துவிட்டது. துணிக் கம்பெனி மூடிக் குடோன் ஆகிவிட்டது. அந்தப் பதிவு இருக்கிறதா என்று கேட்டேன்.

“மழைத் தண்ணி ஊட்டுக்குள்ள பூந்துச்சே, அதுல அந்த போனு பூட்ச்சு மச்சான். வேணும்னா அக்காவ கேளு, நம்பர் தரேன்.”

அமுதா அக்கா திருநின்றவூரில் நாலு மிஷின் போட்டு, சொந்தமாகப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறார். போன் செய்து என் பெயரைச் சொன்னதும் அடையாளம் கண்டுகொண்டார். “பேட்டரியா?” என்றார். சிரித்தார். நானும் சிரித்தேன். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நல்ல தமிழில் நாலு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

“அக்கா, அந்தக் குரல் இப்பவும் வருமா?”

“வரும். ஏன் வராது? மெஷின் ஓடறப்ப போட்டுப் பாப்பேன்.”

“ஒரே ஒரு தடவை கேட்கணும்போல இருக்குக்கா.”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிஷின் நின்றது.

“ஒனக்கு இன்னாத்துக்குடா நான் பாடிக் காட்டணும்?” என்றார். கடுமையாக அல்ல, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பவர்போல. தண்ணி லாரி வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டார்.

நேற்று வானகரம் சிக்னலில் கார் நின்றது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, அடிவயிற்றை இறுக்கி, அவர் சொன்னபடியே மூச்சை முன்னாடியே இழுத்து வைத்துக்கொண்டு, ‘அடக்கு’ என்று ஒருமுறை போட்டுப் பார்த்தேன். உறுமல் வரவில்லை. இருமல் வந்தது. நிற்காமல் வந்தது, கண்ணில் நீர் கட்டி, கண்ணாடியை இறக்க வேண்டியதாயிற்று. பக்கத்து ஆட்டோக்காரர் எட்டித் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

“பொறுமையா குடி சார். சிக்னல் இப்போதிக்கி உழாது,” என்றார்.

வேண்டாம் என்று சொல்லக் குரல் இல்லை. வாங்கிக் குடித்தேன்.