மானை விரட்டிய பதிகம்

ஒஸ்லோவுக்கு வெளியே மான் வேட்டைக்குப் போன மருமகனுடன், காடு பார்க்கும் ஆசையில் நானும் சென்றேன். மரங்களை வெட்டிய இடத்தில் மீண்டும் நெருங்கி வளர்ந்திருந்த காட்டில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மறுமுனையில் மருமகன் துப்பாக்கியுடன் காத்திருந்தார். மான் தப்பியோடட்டும் என்றெண்ணி, கையில் மானேந்திய பெருமானின் பதிகத்தை உரக்கப் பாடியபடி இம்முனையிலிருந்து நடந்தேன். வெடிச்சத்தம் கேட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது, மருமகன் கிழித்த மானின் வயிற்றிலிருந்து குடல் ஆவி பறக்கச் சரிந்துகொண்டிருந்தது.

“மாமா, இனி மானை விரட்ட எங்களுக்கு நாய் தேவையில்லை! உங்கட பாட்டுக்குப் பயந்து நேரா என்னட்டை ஓடி வந்திட்டுது,” என்று மருமகன் சிரித்தார்.

அந்தக் குருதியைவிட என் குரலே எனக்கு அருவருப்பாயிற்று. இன்றும் கோயிலில் எல்லோரும் அப்பதிகத்தைப் பாடும்போது, நான் உதடுகளை மட்டும் அசைக்கிறேன்.