பொட்டு வைத்த பேக்கப் டிஸ்க்

எங்கள் கம்பெனி மேற்குத் தாம்பரத்தில், ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கிறது. பேக்கப் மென்பொருள் செய்து விற்கிறோம். கம்ப்யூட்டரில் உள்ளதை எல்லாம் அது தினமும் இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து வைக்கும். கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் அந்தப் பிரதியிலிருந்து மீட்டுக் கொடுக்கும். அங்கே ஆறு வருடம் நான் வாடிக்கையாளர்களின் போனை எடுத்துக்கொண்டிருந்தேன்.

போனில் வருகிறவர்கள் பேசுவதைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆசை. "நான் ஒண்ணுமே பண்ணல சார், அதுவா பண்ணிக்கிச்சு" என்பார் ஒருவர். "ஃபைல் இருக்கு சார், உள்ளதான் யாரும் இல்ல" என்றார் ஒரு மருந்துக் கடைக்காரர். "அழிச்சது என் விரல்தான், ஆனா நான் அழிக்கல" என்று சாதித்தார் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர். எதையும் விடாமல் நோட்டில் எழுதி வைப்பேன்.

நிரல் எழுத நானாகத்தான் கற்றுக்கொண்டேன். சிட்லபாக்கம் வீட்டில், காலையில் பிள்ளைகள் எழுந்திருக்கும் முன், வீடியோ பார்த்து, தப்பும் தவறுமாக. கொஞ்சம் கை வந்ததும் ஒரு யோசனை. நோட்டில் இருப்பதை எல்லாம் சோதனைகளாக எழுதினால் என்ன? ஒரு மனிதர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து என்னென்ன செய்வாரோ அதை வரிசையாகக் கதை மாதிரி எழுத வேண்டும். கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பொய்க் கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதில் அந்தக் கதை தானாக நடக்க வேண்டும். முடிவில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பேக்கப்பிலிருந்து மீட்டுப் பார்க்க வேண்டும். போனதெல்லாம் வந்தால் பச்சை, ஒன்று குறைந்தாலும் சிவப்பு.

மென்பொருளை எழுதுகிற டீமின் லீட் என்னைவிடப் பத்து வயது இளையவர், படு கெட்டிக்காரர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். என் திரையைப் பார்த்துவிட்டு அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"'அதுவா பண்ணிக்கிச்சு'. இது டெஸ்ட்டோட பேராண்ணா? டீக்கடைல உக்காந்து எழுதினீங்களா?"

"டீக்கடைல உக்கார ஏது மேடம் இடம்? நின்னுகிட்டேதான் எழுதினேன்."

சிரித்து முடித்துவிட்டு நிபந்தனை போட்டார். "புது வெர்ஷன் ரிலீஸுக்கு மூணு வாரம் இருக்கு. நாங்க கையால சோதிச்சு கண்டுபிடிக்காத ஒரு தப்பை, ஒண்ணே ஒண்ணை, உங்க டெஸ்ட் கண்டுபிடிக்கட்டும். அப்புறம் நீங்க எங்க டீம்தான். இல்லைன்னா கோச்சுக்காம திரும்ப போனுக்குப் போயிடணும்."

"சரி மேடம்" என்றேன்.

இரண்டு வாரத்தில் நாற்பத்தொரு கதைகள் எழுதினேன். பேக்கப் ஓடும்போது கரண்ட் போகிற கதை, பாதியில் டிஸ்க் நிரம்பிவிடுகிற கதை, ஒரே ஃபைலை இரண்டு பேர் திறந்து வைத்திருக்கிற கதை. அத்தனையும் பச்சை. உலகத்தில் எல்லோரும் பச்சை வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள், நான் ஒருவன்தான் ஒரே ஒரு சிவப்புக்காக ஏங்கிக்கொண்டிருந்தேன். மேடம் போகிற போக்கில் எட்டிப் பார்த்து, "நல்லா விளைஞ்சிருக்குண்ணா, எப்ப அறுவடை?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

கடைசி வாரத்தின் திங்கட்கிழமை. உட்கார்ந்து யோசித்தால் நடக்காது, ஆளைப் போய்ப் பார்ப்போம் என்று ரயில் ஏறினேன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்கூடம், எங்கள் வாடிக்கையாளர். அங்கே ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்கிற அக்காவை ஆறு வருடமாகப் போனில் தெரியும். நேரில் அன்றுதான் பார்த்தேன்.

அவருடைய கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் எங்கள் பேக்கப் டிஸ்க். அதன் முதுகில் காய்ந்துபோன சந்தனம், நடுவில் குங்குமம்.

"என்னக்கா, டிஸ்க்குக்குப் பொட்டெல்லாம் வச்சிருக்கீங்க?"

"போன வருஷம் ஆயுத பூஜைக்கு வச்சதுப்பா. துடைக்க மனசு வரல. லேத்து மிஷினுக்கு வைக்கிறோம், ஸ்பேனருக்கு வைக்கிறோம், பாவம், இது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?"

"கழட்டியா வச்சீங்க?"

"பின்ன? கம்ப்யூட்டரை மேசையோட தூக்கிகினு போயா சாமி முன்னாடி வைக்க முடியும்? இதைக் கழட்டி ஸ்பேனரோட வச்சுட்டோம். அன்னிக்குப் பூரா அங்கதான் இருந்துச்சு."

"கம்ப்யூட்டரை அணைச்சிட்டீங்களா?"

"அணைச்சா பாட்டு எப்படிப் போடுறது? இது இருந்த ஓட்டைல பாட்டு பென்டிரைவைச் செருகிட்டோம். காலைல வந்த லோடு எல்லாம் என்ட்ரி போட்டுகினுதான் இருந்தேன்."

பையிலிருந்து நோட்டை எடுத்தேன். "அன்னிக்கு பேக்கப்?"

"ஏன் கேக்குற? டாண்ணு ஓடுச்சே. பச்சை டிக்கு வந்துச்சு."

டிஸ்க் சாமி முன்னால் இருக்கிறது. பச்சை டிக் வந்திருக்கிறது. அப்படியானால் பேக்கப் எங்கே போனது?

"அக்கா, நீங்க தெய்வம்" என்றேன். "ஆளை வுடுப்பா" என்று சிரித்துவிட்டு, மோர் கொடுத்து அனுப்பினார்.

திரும்புகிற ரயிலிலேயே கதையைப் போனில் தட்டிக்கொண்டு வந்தேன். முதல் நாள் ஒழுங்காக ஒரு பேக்கப். இரண்டாம் நாள் டிஸ்க்கைக் கழற்று, அதே இடத்தில் பாட்டு பென்டிரைவைச் செருகு, மூன்று புது ஃபைல் சேர், பேக்கப் ஓடட்டும். மூன்றாம் நாள் டிஸ்க்கை மறுபடி மாட்டு, பேக்கப் ஓடட்டும். பிறகு கம்ப்யூட்டரில் உள்ளதை எல்லாம் அழித்துவிட்டு, டிஸ்க்கிலிருந்து மீட்டுக் கொண்டு வா.

தாம்பரத்தில் இறங்கி, படியேறி, நிரலாக எழுதி ஓட்டினேன். நான்கு நிமிடம். சிவப்பு.

நம்பாமல் மறுபடி ஓட்டினேன். சிவப்பு. பத்துத் தடவை ஓட்டினேன், பத்துத் தடவையும் சிவப்பு. பூஜை நாளில் சேர்த்த மூன்று ஃபைலில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. "மேடம்!" என்று நான் போட்ட சத்தம் கீழே பேக்கரிக்கே கேட்டிருக்கும்.

அவர் வந்து பார்த்தார். "சும்மா இருங்கண்ணா, யாராவது பேக்கப் டிஸ்க்கைக் கழட்டிட்டு அங்க பாட்டு பென்டிரைவைச் செருகுவாங்களா?"

"போன வருஷமே செருகிட்டாங்க மேடம். அடுத்த ஆயுத பூஜைக்கு இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து மூல நிரலைத் திறந்தார். அரை மணி நேரத்தில் பிடித்துவிட்டார். எங்கள் மென்பொருள், டிஸ்க் எந்த இடத்தில் செருகியிருக்கிறது என்று மட்டும்தான் பார்த்திருக்கிறது. அங்கே இருப்பது தன்னுடைய டிஸ்க்தானா என்று கேட்கவே இல்லை. அன்றைய ஃபைல்களைப் பென்டிரைவில் எழுதிவிட்டு, வேலை முடிந்தது என்று குறித்துக்கொண்டது. மறுநாள் டிஸ்க் வந்தபோது, "இதெல்லாம் நேற்றே எழுதியாயிற்றே" என்று விட்டுவிட்டது. இத்தனை வருடமாக இப்படியே.

மேடம் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை ரிலீஸ் கிடையாது."

அந்த வாக்கியத்தை நான் சொல்ல வைத்தேன்! டிப்ளமாவைப் பாதியில் விட்ட நான்! பேக்கரிக்கு ஓடிப்போய், ஆபீஸில் இருந்த பத்துப் பேருக்கும் பப்ஸ் வாங்கிக்கொண்டு வந்தேன்.

முதல் வேலையாக அக்காவுக்குப் போன் செய்து முழு பேக்கப் ஒன்று புதிதாக எடுக்கச் சொன்னேன். அவருடைய கம்ப்யூட்டர் இதுவரை படுக்காததால் எதுவும் தொலையவில்லை. மேடம் இரண்டு நாள் உட்கார்ந்து நிரலைத் திருத்தினார். என் கதையை ஓட்டினோம். பென்டிரைவைப் பார்த்ததும் மென்பொருள் எழுத மறுத்தது. டிஸ்க் திரும்பி வந்ததும் மூன்று ஃபைலும் பத்திரமாக அதில் ஏறின. பச்சை. இந்தப் பச்சைக்கு நான் கைதட்டினேன்.

"அண்ணா" என்றார் மேடம், "இனிமே உங்க டெஸ்ட்ல ஒரு சிவப்பு இருந்தாலும் ரிலீஸ் போகாது. போன் பக்கம் நீங்க போக வேணாம்."

"அதெப்படி மேடம்? காலைல ஒரு மணி நேரம் எனக்குப் போன் வேணும்."

"நீங்களா கேட்டு வாங்குறீங்களா?"

"கதை பின்ன எங்கிருந்து வரும்?"

தலையில் அடித்துக்கொண்டு சம்மதித்தார். மறுநாள் காலை முதல் போனை எடுத்தேன். சேலையூரிலிருந்து ஒரு பெரியவர், நல்ல கோபத்தில் இருந்தார்.

"சார், பேக்கப் டிஸ்க்கோட ஒயரை எலி கடிச்சிட்டுப் போயிடுச்சு. ஆனா உங்க சாஃப்ட்வேரு பேக்கப் ஓடிடுச்சுங்குது."

"அப்படியா சார்!" என்று கீபோர்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். "அவசரமே இல்ல, நிதானமா சொல்லுங்க. எலி எத்தனை மணிக்கு வந்துச்சு?"