பரஸ்தானம் வைத்த நோட்டு

காலை 6.10, மீமிசல். பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் காஷ்மீருக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்து எழுதுவார்கள். நான் எழுதப்போவது மீமிசலிலிருந்து புதுக்கோட்டை வரையிலான சுமார் எழுபது கிலோமீட்டரைப் பற்றி. இந்த வழியில் நூறு தடவையாவது போயிருப்பேன். ஆனால் ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை என் மனைவி ராணியோடு போன தடவைதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

ராணி நர்ஸ். அறந்தாங்கியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறாள். வெளிநாட்டுக்குப் போய் நர்ஸ் வேலை பார்க்க வேண்டும் என்பது படிக்கிற காலத்திலிருந்தே அவளுக்கு ஆசை. இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்து வேலைக்கு அன்று பதினொரு மணிக்கு வீடியோவில் இண்டர்வியூ. அதற்குப் புதுக்கோட்டையில் ஏஜென்சி அலுவலகத்தில் போய் உட்கார வேண்டும். கிடைத்தால் மூன்று வருடம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் போய்விட்டால் வீட்டில் நான் ஒண்டிக்கட்டை.

இது இரண்டாவது இண்டர்வியூ. முதல் தடவை திரையில் வந்த அந்த ஊர்க்காரர், இல்லத்துப் பெரியவர் ஒருவர் 'அண்டர் தி வெதர்' என்று சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாராம். உடம்புக்கு லேசாக முடியவில்லை என்பதை அப்படித்தான் சொல்வார்களாம். வெதர் என்றதும் இவள் மழை காற்று என்று நினைத்து, ஜன்னலைச் சாத்துவேன் என்று சொல்லிவிட்டாள். அத்தோடு முடிந்தது. வீட்டுக்கு வந்து ஒரு பாடு அழுதுவிட்டு, மறுநாளே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினாள். அந்த ஊர்ப் பெரியவர்கள் வாயைத் திறந்தால் மழை, வெயில், நாள், நேரம் இவற்றை வைத்துத்தான் எதையும் சொல்வார்களாம். அப்படிப்பட்ட பேச்சுகளைத் தேடித்தேடி எழுதினாள். இரண்டு மாதம் அவள் குழம்பு கூட்டும்போது நான் நோட்டைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டேன்.

அந்த நோட்டுதான் அன்றைக்குப் பாடுபடுத்தியது. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், புதுக்கோட்டை இருக்கிற அந்தத் திசைக்குக் கிளம்பக் கூடாது என்பது ராணியின் கட்சி. ஊசி போடுகிற கை பஞ்சாங்கத்தையும் விடாது. சூலத்துக்கு ஒரு வழி உண்டு. முதல் நாளே நல்ல நேரம் பார்த்து நம் சாமான் ஒன்றைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். இதைப் பரஸ்தானம் என்பார்கள். வைத்ததைக் கிளம்பிப் போகும்போதுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தால் பயணம் நின்றுவிடும். இருப்பதிலேயே உசத்தியான சாமான் என்று அந்த நோட்டை வியாழன் சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆமினா அக்காவிடம் கொடுத்தாள்.

"எங்களுக்குச் சூலம் கீலம் எல்லாம் கெடையாது. ஆனா ஒன் நோட்டுக்கு நான் காவலு," என்று சொல்லி அக்கா அதை ஃபிரிட்ஜின் மேலே வைத்தார்.

வெள்ளிக்கிழமை பஸ் ஐந்து நிமிடம் முன்னாலேயே வந்து ஹாரன் அடித்தது. ஓடினோம். டவுன் பஸ் என்பதால் அவளுக்கு டிக்கெட் இல்லை, எனக்கு இருபத்தைந்து ரூபாய்.

காலை 7.00, ஆவுடையார்கோவில். பஸ் நின்றதும் ராணி பையைத் திறந்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"என்னங்க, நோட்டு?"

நோட்டு ஆமினா அக்கா வீட்டு ஃபிரிட்ஜ் மேலேயே இருந்தது. கண்டக்டரிடம் சொன்னேன்.

"எறங்குறீங்களாக்கா? அங்கிட்டுப் போற வண்டி இப்ப வந்துரும். ஆனா போயிட்டுத் திரும்ப ஒம்பதரை ஆயிரும், பாத்துக்கங்க," என்றார் அவர்.

ராணி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வண்டி கிளம்பியது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நேத்து வரைக்கும் தெரிஞ்சுச்சு. இப்ப ஒண்ணுமே ஞாபகம் இல்லங்க," என்றாள்.

"நோட்டு எதுக்கு? நான் இருக்கேன்ல," என்றேன்.

வாய்தான் சொன்னது. நான் அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளர். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ், சீசாவில் ஒட்டியிருக்கிற லேபிள் இங்கிலீஷ். ஆனால் இரண்டு மாதம் கேள்வி கேட்டதில் நோட்டு முழுக்க எனக்கே மனப்பாடம் ஆகியிருந்தது என்பது அந்த பஸ்ஸில்தான் தெரிந்தது.

"ரெய்னி டேன்னா?"

"கஷ்ட காலம். அதுக்குன்னு காசு சேத்து வைக்கணும்." கொஞ்சம் தெம்பு வந்தது. "ஆனா இது மட்டும் எனக்கு மண்டையில ஏறவே இல்லங்க. மழை பெஞ்சா எப்படிக் கஷ்டம்?"

அந்த நேரம் பார்த்து வெளியே தூறல் போட்டது. கண்மாய் பாதிதான் நிரம்பியிருந்தது. முன் சீட்டில் இருந்த விவசாயி, சட்டை நனைவதைக்கூடப் பார்க்காமல் ஷட்டரைத் தூக்கிவிட்டு வெளியே பார்த்தார். "பெய்யட்டும், நல்லாப் பெய்யட்டும்," என்றார். ராணி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்?"

"அத்தி பூத்தாப்புல. நீங்க எனக்குப் பூ வாங்கிட்டு வர்றீங்கள்ல, அந்த மாதிரி."

அந்த விவசாயி திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"டாங்கீஸ் இயர்ஸ்?"

"ரொம்பக் காலம். கழுதைக் கணக்கு." இதை அவள் மறக்கவே மாட்டாள். நம் ஊரில் ஏழு கழுதை வயசு என்று திட்டு வாங்காதவர் யார்?

காலை 7.35, அறந்தாங்கி. இரண்டு டீ முப்பது ரூபாய். பஸ் ஸ்டாண்டு வாசலில் மல்லிகைப்பூ ஒரு முழம் வாங்கினேன், அதுவும் முப்பது. ராணி எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். கூந்தலில் நானே வைத்துவிட்டேன். கல்யாணமான பதினெட்டு வருடத்தில் இப்படிப் பொது இடத்தில் செய்ததில்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

புதுக்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "நீங்க ஒண்ண மட்டும் கேக்கவே மாட்டேங்கிறீங்க," என்றாள்.

"எது?"

"ஏழாம் பக்கம். கவுண்டிங் தி டேஸ்."

ஒருவர் திரும்பி வர இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருப்பது. இரண்டு மாதமும் அந்த வரியைத் தாண்டித்தான் கேட்டேன். அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

"அது ஒனக்குத் தேவைப்படாது."

"எனக்குச் சரி. ஒங்களுக்கு?"

நான் கண்டக்டரைத் தேடுவதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

காலை 11.00, புதுக்கோட்டை. மாடியில் ஏஜென்சி அலுவலகம். அவளைக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே உட்கார வைத்தார்கள், எனக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. திரையில் நரைத்த தலையோடு ஒரு அம்மா தெரிந்தார். மருந்து, படுக்கைப் புண், கீழே விழுந்த நோயாளி என்று கேள்விகள் போயின. அதெல்லாம் ராணிக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிறகு அந்த அம்மா தன் கதையை ஆரம்பித்தார். இந்த வேலையில் தான் டாங்கீஸ் இயர்ஸாக இருப்பதாகச் சொன்னார்.

நான் நாற்காலியை விட்டு எழுந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். முதல் தடவை ஜன்னலைச் சாத்தியதெல்லாம் ஞாபகம் வந்தது. அப்புறம் ராணியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் ஏழு கழுதைகள் மேடம் என்று தன் இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா சிரித்த சிரிப்பு கண்ணாடியைத் தாண்டி வந்தது.

அரை மணி நேரத்தில் ஏஜென்சிக்காரர் வெளியே வந்தார். "செலக்ட் ஆயிட்டாங்க சார். ரெண்டு மாசத்துல கெளம்ப வேண்டியிருக்கும்," என்றார்.

என் ராணி ஜெயித்துவிட்டாள் என்று பெருமையாக இருந்தது. ஏழாம் பக்கத்து வரி இனி எனக்குத்தான் என்றும் தோன்றியது. இரண்டும் உண்மை.

மாலை 5.20, மீமிசல். ராணி முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போனாள். நான் நேரே ஆமினா அக்கா வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்றுதான் போனேன். இத்தனை வருடம் அவளுடைய சூலத்தைக் கேலி செய்தவனுக்கு, அந்த நிமிடத்தில் பரஸ்தானத்தில் அப்படி ஒரு நம்பிக்கை வந்திருந்தது.

அக்கா நோட்டை எடுத்து நீட்டினார். நான் ஒரு முனையைப் பிடித்த பிறகும் விடவில்லை.

"தம்பி, இத வீட்டுக்குக் கொண்டு போனா பயணம் நின்னுரும்னு ராணி சொன்னுச்சே?"

"தெரியும்க்கா."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டார். நோட்டு என்னிடம் வந்துவிட்டது. அட்டையில் குழம்புக் கறை. கண்ணாடிக்குப் பின்னால் கேட்ட அவள் சிரிப்பு ஞாபகத்துக்கு வந்தது. நோட்டை நானே ஃபிரிட்ஜ் மேலே திரும்ப வைத்தேன்.

"கெளம்புற அன்னைக்கு ராணியே வந்து எடுத்துக்கிரும்க்கா," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ராணி துண்டால் முகத்தைத் துடைத்தபடி நின்றாள். பூ வாடியிருந்தது, எடுக்கவில்லை.

"நோட்டு எங்கங்க?"

"அங்கயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

வாடிய பூவைத் தொட்டுப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "அப்ப நான் இப்பவே கெளம்பிட்டேன்னுல்ல அர்த்தம்," என்றாள்.

"ஆமா," என்றேன். "வா, சோத்தத் தின்னுட்டுக் கெளம்பு."