P காட்டிய வான்

ஓட்டோமெட்டிக் கியர் வாகனம் திருத்துகிறவன் லீவர் காட்டுவதை நம்பக் கூடாது. உங்களுக்கும் அப்படியொரு வாகனம் இருந்தால், என் பயம் உங்களுக்கும் விளங்கும்.

தள்ளிப் பார்த்தது

கிண்ணியா மீன் வியாபாரி ஹம்சா சீனக்குடாவிலுள்ள என் கராச்சுக்குத் தன் மீன் ஏற்றும் வானைக் கொண்டுவந்தார். லீவர் P-யில், பார்க்கிங்கில். எஞ்சினை நிறுத்தித் தள்ளினேன். உருண்டது. P-யில் உருளவே கூடாது.

கீழே பார்த்தேன். மீன் பெட்டியிலிருந்து வடிந்த உப்புத்தண்ணி கியர் கேபிளின் முனையைத் தின்றிருந்தது. மேலே லீவர் ஒன்று காட்டும், கீழே கியர் வேறொன்றில் கிடக்கும். கேபிள் கொழும்பிலிருந்து வர வேண்டும், வானை விட்டுவிட்டுப் போங்கள் என்றேன்.

"P எண்டு வடிவாக் காட்டுதே அண்ணன், பிறகென்ன பயம்?"

வாங்கு

வானை ஓட்டிக்கொண்டு போனவர் கேபிள் வர முன்னமே திரும்ப வந்தார். வான் சில நேரம் ஸ்டார்ட் ஆகவில்லையாம். அதற்கு யாரோ ஒரு வயரைக் கொளுவி, எந்தக் கியரிலும் ஸ்டார்ட் ஆகும்படி செய்துவிட்டிருந்தான். ஹம்சா லீவரை N-இல், நியூட்ரலில், வைத்துத் திறப்பைத் திருகினார். வான் முன்னால் பாய்ந்தது. நான் பக்கத்தில் நின்றதால் தப்பினேன். நான் இருந்து தேத்தண்ணி குடிக்கிற மர வாங்கு சுவரோடு நசிந்தது. அந்த வயரைப் பிடுங்கி எறிந்தேன்.

"வெறும் வாங்குதானே அண்ணன், ஆள் முழுசா நிக்கிறீங்கதானே!"

தண்ணி விளிம்பு

கேபிள் வந்ததும் நானே அதை ஹம்சா மீன் ஏற்றுகிற இறங்குதுறைக்குக் கொண்டுபோனேன். காத்திருக்க மனம் வரவில்லை.

மீன் ஏற்ற வானைப் பின்பக்கமாகத் தண்ணி வரைக்கும் விடுவது அங்கே வழக்கம். உப்பில் இறுகிவிடும் என்று ஹேன்ட்பிரேக்கை ஒருவரும் இழுப்பதில்லை. ஹம்சாவும் இழுக்கவில்லை. வானுக்குள் அவரைப் பெற்ற உம்மா இருந்தா. அவவுக்கு வேர்க்கும் என்று ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டு, லீவரை P-யில் தள்ளிவிட்டு, தூரத்தில் பாரை மீனுக்கு விலை பேசிக்கொண்டு நின்றார்.

கீழே கியர் R-இல், ரிவர்ஸிலேயே, கிடந்தது. வான் மெல்ல மெல்லக் கடலுக்குள் போனது.

கத்தினேன். ஹம்சா திரும்பிப் பார்த்தார். "உம்மா!" என்று மட்டும் வந்தது. தண்ணி பின்கதவுக்கு ஏறிவிட்டது. நான் ஓடிப் போய்க் கதவைத் திறந்து உள்ளே விழுந்தேன். இரண்டு கையாலும் ஹேன்ட்பிரேக்கை இழுத்தேன். வரவில்லை. இன்னொருமுறை இழுத்தேன். கிறீச்சிட்டுப் பிடித்தது.

ஹம்சா தண்ணிக்குள் முழங்காலில் நின்று அழுதார். உம்மா என்னை மேலும் கீழும் பார்த்தா.

"யாரு மகன் இந்த மனிசன்? கதவைத் திறந்து குளிரையெல்லாம் வெளிய விட்டுட்டார்!"

கேபிளை மாற்றிவிட்டேன், எனக்குள் கழன்ற சாமானுக்குத்தான் கொழும்பிலும் ஸ்டொக் இல்லை.