கரண்ட் வந்தால் நிரப்ப வேண்டிய சீசா

அன்று எங்கள் வாசலில் நின்றவர்கள்: பல்கலைக்கழகத்துப் புரொபசர். அவருடன் வந்த மாணவன். என் மாமியார். என் வீட்டுக்காரர். நான். புரொபசர் கையில் ஒரு காலி சீசா.

எழுபதுகளின் தொடக்கம். வீரபாண்டிப் பக்கம் பனியன் துணி வெளுக்கும் பட்டறைகள் வந்த புதிது. கழிவுநீர் வாய்க்கால் எங்கள் கிணற்றை ஒட்டித்தான் போனது. தண்ணீரில் பிளீச்சிங் வாடை ஏறி, வாயில் வைக்க முடியவில்லை. அதை வெளியே சொல்லவில்லை. கொழுந்தனுக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கம் கிணற்றைப் பார்த்துத்தான் பெண் கொடுப்பார்கள்.

அன்றைக்கு முந்தின மாதம் புரொபசர் வாய்க்கால் ஓரத்து வீடுகளில் வீட்டுக்கொரு சீசா கொடுத்து, கிணற்றுத் தண்ணீர் பிடித்து வைக்கச் சொன்னார். மொத்தம் பதினான்கு கிணறு. நான் ஊர்ப் பொதுக்கிணற்றிலிருந்து சுமந்து வந்த குடத்துத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தேன். மாமியார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அன்று மறுபடி வந்தபோது புரொபசர் சொன்னார்: "அஞ்சு கிணறு கெட்டிருக்குதுங்க. ஆனா வாய்க்காலுக்கு ரொம்பக் கிட்ட இருக்கிற உங்க கிணறு சுத்தமா இருக்குது. அப்புறம் வாய்க்கால் மேல எப்படிங்க குத்தம் சொல்றது? ஏனுங்கம்மா, அது உங்க கிணத்துத் தண்ணிதானுங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

மாணவன் சிரித்தான். "உங்க கிணத்தை மட்டும் வாய்க்கால் சுத்திக்கிட்டுப் போகுதுங்களா?"

"சும்மா இரு கண்ணு" என்று புரொபசர் அவனை அடக்கிவிட்டு, கிணற்று மோட்டாரைப் போடச் சொன்னார்.

"கரண்ட் இல்லீங்க" என்றார் வீட்டுக்காரர். உள்ளே கரண்ட் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மாமியார் போய் அணைத்தார்.

புரொபசர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. சீசாவைப் படியில் வைத்தார். "கரண்ட் வந்தாப் பிடிச்சு, பல்லடம் பஸ்ஸுல குடுத்தனுப்புங்க. கிணறெல்லாம் போறதுக்குள்ள சர்க்காருக்கு எழுதோணும்" என்றார்.

அடுத்த வாரம் பெண் வீட்டார் வந்தார்கள். அவர்களுக்கும் குடத்துத் தண்ணீர்தான். கல்யாணம் நடந்தது. வந்த பெண் முதல் நாளே கிணற்றுத் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தாள். "அக்கா, இதையா எங்கப்பனுக்கு நல்ல தண்ணின்னு சொன்னீங்க?" நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டேன்.

நான் மூன்றாவதோடு நின்றவள். பல்கலைக்கழகம் என்றால் பணக்காரர் பிள்ளைகள் படிக்கிற கட்டடம் என்றிருந்தேன். அது செருப்பில் சேறு ஒட்ட எங்கள் வாசல் வரைக்கும் வந்தது. கேட்டது ஒரு சீசா தண்ணீர். படித்தவர்கள் நமக்கு என்ன செய்தார்கள் என்று யாராவது பேசினால், நான் எழுந்து போய்விடுவேன்.

புரொபசர் அப்புறம் வரவில்லை. நானும் அனுப்பவில்லை. சீசா அலமாரியில் காலியாகவே இருக்கிறது. இப்போது லாரியில்தான் தண்ணீர் வருகிறது. அன்று அவர் சொன்ன கெட்ட கிணறு ஐந்து.

இன்று பதினான்கு.