அன்ரியின் கடைசிக் கேள்வி

இன்று வெஸ்ட்மீட் ஸ்டேஷனில் ரயில் ஏறிய யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன வேலை செய்யிறீங்கள், பிள்ளை?"

"லேப்ல ஆராய்ச்சி, அன்ரி. வெளிச்சம் பட்டா வினையைத் தொடங்குற பொருளைத் திரவத்துல கலந்து, லேசரை விட்டு விட்டு அடிப்போம். ஒவ்வொரு தடவை மின்னும்போதும் புதுசா பிளாஸ்டிக் சங்கிலி வளர ஆரம்பிக்கும். அடுத்த தடவை மின்னினதும் அந்தச் சங்கிலி..."

"கலியாணம் முடிஞ்சுதோ?"

"இல்ல அன்ரி, அம்மா பாத்துக்கிட்டு..."

"வீடு வாங்கியாச்சோ?"

அந்தச் சங்கிலி அதோடு நின்றுவிடும். அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஜன்னலில் மரங்களுக்கு நடுவே வெயில் மின்னி மின்னி மறைந்தது.

"இஞ்ச, இந்த நாட்டில, சந்தோஷமா இருக்கிறீங்களோ?" என்று கேட்டவர், அப்படியே கண்ணயர்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தக் கேள்விக்கான பதில் மட்டும் இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கிறது.

யாராவது அடுத்த கேள்வியைக் கேளுங்களேன்.